புதுச்சேரி கடற்கரைச் சாலை

புதுச்சேரி கடற்கரைச் சாலை என்பது புதுச்சேரி நகரின் கிழக்கு எல்லையில், வங்காள விரிகுடாவை ஒட்டி வடக்குத் தெற்காக அமைந்துள்ள உலாச்சாலை ஆகும். இதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கூர் சப்ரோல் என அழைக்கப்பட்ட இச்சாலை, பின்னர் புதுச்சேரியின் முதலாவது முதலமைச்சரான (1963-1964) எதுவார் குபேரின் பெயரால் குபேர் சாலை எனப் பெயர் பெற்றது. இதன் வடமுனையை அடுத்துக் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் ஆகிய மீனவர் ஊர்கள் உள்ளன.

அமைப்பு

காந்தி சிலை, 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், 1938-இல் திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், சுங்க அலுவலகம், தலைமைச் செயலகம் ஆகியன இச்சாலையில் உள்ளன. தென்முனையில் துய்ப்ளேக்சு சிலை உள்ளது. காந்தி சிலைக்கு எதிரே கடலுக்குள் நீண்டிருந்த பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் அழிந்தது. மக்கள் நடந்து உலாவுவதற்காக மாலை முதல் மறுநாள் காலை வரை சாலையில் வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை.

மணற்பரப்பின் இழப்பு

சாலையின் கிழக்கே முன்பு மணற்கடற்கரை இருந்தது. இக்கரையோரத்தில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்த்துகின்றன. வடக்கு நோக்கிச் செல்லும் மணலின் அளவே அதிகம். நகரின் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980-களின் இறுதியில் துறைமுகத்திற்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் இம்மணலைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டு, நகரின் மணற்பரப்பு மறைந்தது.

சாலையைக் காக்கக் கரை நெடுகிலும் பாறைகள் கொட்டப்பட்டன. 2004 ஆழிப்பேரலையின்போது இக்கற்சுவர் நகரின் மையப்பகுதியைப் பெருமளவு காத்தது. எனினும் கற்சுவர் மணலை உண்டாக்குவதில்லை. சுவர் முடியும் இடத்திற்கு அப்பால் அரிப்பு தொடர்கிறது.

குருசுக்குப்பமும் வடபகுதி ஊர்களும்

சாலையை அடுத்து அரிப்புக்கு உள்ளான ஊர்களுள் குருசுக்குப்பமும் ஒன்று. கற்சுவர் இங்கும், வைத்திக்குப்பம் முதலிய ஊர்களுக்கும் நீட்டிக்கப்பட்டதால், அரிப்பு மேலும் வடக்கே தமிழகப் பகுதியான தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை சென்றது. படகுகளைக் கரையேற்றவும், வலைகளை உலர்த்தவும், கரைவலை இழுக்கவும் மணற்கரை தேவை. எனவே, நகரத்தார்க்குக் கற்சுவர் காட்சி மாற்றம் எனில், மீனவர்க்கு அது தொழிலிடத்தின் இழப்பாகும்.

மெரீனாவுடன் ஒப்பீடு

சென்னை மெரீனாவின் உலாச்சாலை ஆளுநர் கிராண்ட் டப் காலத்தில், 1884-இல் அமைக்கப்பட்டது. அங்குத் துறைமுகம் உலாச்சாலைக்கு வடக்கே உள்ளது. எனவே தடுக்கப்பட்ட மணல் மெரீனாவில் சேர்ந்து அதனை அகலப்படுத்தியது. அதே துறைமுகத்தின் வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள மீனவர் ஊர்கள் அரிப்புக்கு உள்ளாயின. புதுச்சேரியில் துறைமுகம் தெற்கே இருப்பதால், உலாச்சாலையும் மீனவர் ஊர்களும் ஒருசேர மணலை இழந்தன.

மீட்பு முயற்சி

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், தலைமைச் செயலகத்திற்கு எதிரே கடலடியில் ஒரு செயற்கைத் திட்டு 2018-19 காலப்பகுதியில் அமைக்கப்பட்டது. இத்திட்டு அலைகளின் வேகத்தைக் குறைத்து மணல் தங்குவதற்கு உதவுகிறது. இதனால் சாலையின் ஒரு பகுதியில் மீண்டும் மணற்பரப்பு உருவானது. தெற்கே தேங்கும் மணலைத் தூர்வாரி வடக்கே சேர்த்தல், இழந்த மணலை ஈடுசெய்யும் மற்றொரு வழியாகும். கற்சுவரைப் போலன்றி, இம்முறை அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளுவதில்லை.