மொஸ்கோ விடாத மனைவிமார்

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒரே அணி. மொஸ்கோவிலும், கப்பல்கள் வந்துபோன மூர்மான்ஸ்க், ஆர்க்கேஞ்சல்ஸ்க் துறைமுகங்களிலும் வெளிநாட்டுக்காரர் பலர் வேலை செய்தார்கள். பழகினார்கள், காதலித்தார்கள், சோவியத் சட்டப்படியே பதிவுத் திருமணமும் செய்தார்கள்.

போர் முடிந்தது, நட்பும் முடிந்தது. கணவன்மார் ஊர் திரும்ப வேண்டி வந்தது. மனைவிமாருக்கோ வெளியேறும் அனுமதி கிடைக்கவில்லை. இது போதாதெண்டு, 1947 பெப்ரவரியில் வெளிநாட்டவரைக் கல்யாணம் கட்டுவதையே தடைசெய்து ஒரு ஆணை வந்தது.

அந்த வருசமே மொஸ்கோ மாநாட்டுக்குப் போன பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் ஏர்னஸ்ட் பெவின், இந்தப் பெண்களின் விசயத்தை ஸ்டாலின் வரைக்கும் கொண்டுபோனார். பலன் இல்லை.

பிறகு விசயத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது சிலி. மொஸ்கோவில் இருந்த சிலித் தூதரின் மகன் கட்டியது ஒரு ரஷ்யப் பெண்ணை. 1947 ஒக்டோபரில் இரு நாட்டு உறவும் முறிந்தது. தூதர் குடும்பம் புறப்படலாம், மருமகள் மட்டும் வர ஏலாது எண்டது சோவியத் அரசு. ‘இது எங்கட உள்நாட்டு விவகாரம்’ என்பதுதான் ஐ.நா.விலும் அவர்களின் வாதம்.

1949 ஏப்ரல் 25 அன்று பொதுச்சபை வாக்களித்தது. ஆதரவு 39, எதிர்ப்பு 6, நடுநிலை 11. மனைவிமாரைத் தடுப்பது ஐ.நா. சாசனத்துக்கு ஒவ்வாதது, அந்த நடவடிக்கைகளை மீளப்பெற வேண்டும் எண்டது தீர்மானம். நாலு மாதம் முன்னர்தான் வந்திருந்த மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம், 16ஆம் உறுப்புரைகள் அதில் எடுத்துக்காட்டப்பட்டன. இலங்கைக்கு அங்கே வாக்கு இல்லை. சோவியத் வீட்டோவால் எங்கட நாடு உறுப்பினரானதே 1955இல்தான்.

தீர்மானத்தால் கதவு திறந்ததா? இல்லை. 1953 மார்ச்சில் ஸ்டாலின் செத்த பிறகுதான் சில மனைவிமாருக்கு அனுமதி கிடைத்தது. திருமணத் தடையும் அந்த வருசமே நீக்கப்பட்டது.

ஆதரித்த நாடுகளும் சுத்தமில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் கட்டுவது அப்போது குற்றம். அந்தச் சட்டங்கள் 1967 வரைக்கும் நிண்டன. பனிப்போரில் எதிரியைக் குத்த இந்தப் பெண்கள் வசதியான காரணமாகவும் இருந்தார்கள்.

அப்ப அந்தத் தீர்மானம் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பெண் தன் கணவனிடம் போவது அரசின் ‘உள்வீட்டு விசயம்’ மட்டுமில்லை எண்டு உலகச்சபை ஒருக்கா எழுதிவைத்துவிட்டது. 1975இல் சோவியத் யூனியனும் கையெழுத்திட்ட ஹெல்சிங்கி உடன்பாட்டில், பிரிந்த குடும்பங்களைச் சேர்ப்பதும் வேற்று நாட்டவர் திருமணமும் தனித்தனித் தலைப்புகளாகவே வந்தன.

ஆனால் காத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு வருசமும் ஒரு வருசம்தான். அதை எந்த வாக்கெடுப்பும் திருப்பிக் கொடுக்கவில்லை.