வீட்டில் கேட்கிறார்கள்

சேத்தூரில் எங்கள் வீட்டு ரேடியோ தாத்தாவுடையது. ஆச்சி அதைத் துடைக்கலாம், முள்ளைத் திருப்பக் கூடாது. இரவு ஒன்பதே காலுக்கு லண்டன் பிபிசியின் தமிழோசை. ரேடியோ இல்லாத ஆண்கள் நாலைந்து பேர் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். சிற்றலை ஏறி இறங்கும். நடுவில் புரியாத பாஷைக்காரன் எவனாவது குறுக்கே பேசுவான்.

அந்த அரைமணி நேரம் ஆச்சி எங்கே இருந்தாள் என்ற கேள்வி, வரலாறு படிக்கப் போன பிறகுதான் எனக்கு வந்தது.

அடுக்களையில் இருந்தாள். ஆண்கள் உண்டு எழுந்தபின் தான் உண்டு, சட்டி பானை விளக்குகிற நேரம் அது. ஆனால் ஒன்பதே காலுக்கு விளக்குகிற சத்தம் நின்றுவிடும். பாத்திரங்களை ஊறப்போட்டுவிட்டு முருங்கைக் கீரை ஆய்வாள், அரிசியில் கல் பொறுக்குவாள். சத்தமில்லாத வேலைகளையெல்லாம் அவள் அந்த நேரத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள்.

பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 அன்று, போர்க்காலத்தில், வாரம் ஒருமுறை வரும் செய்தி மடலாகத் தொடங்கியது. தமிழோசை என்று பெயர் வைத்தவர் இலங்கையிலிருந்து சென்ற சோ. சிவபாதசுந்தரம். அதே பிபிசி 1933இல் ஷீலா பாரெட் என்ற பெண்ணை அறிவிப்பாளராக அமர்த்தியது. நேயர்கள் புகார் எழுதுகிறார்கள் என்று சில மாதங்களிலேயே விலக்கியும்விட்டது. செய்தி என்றால் ஆண்குரல் என்று காது பழகிப்போயிருந்தது. லண்டன் காதும் சேத்தூர் காதும் இதில் ஒன்றுதான்.

தமிழில் அந்தப் பழக்கத்தை உடைத்தவர்களில் இருவரை எங்கள் தெருவே அறியும். ஒருவர் டெல்லி ஆகாசவாணியின் சரோஜ் நாராயணசுவாமி. இன்னொருவர் தமிழோசையின் ஆனந்தி சூர்யபிரகாசம். ஈழத்துக்காரர், நேயர்களுக்கு ‘ஆனந்தி அக்கா’. அவர் குரல் வந்தால் ஆச்சி கீரைச் சுளகோடு நிலைப்படி வரை வந்து நிற்பாள். திண்ணைக்குப் போனதில்லை.

மறுநாள் குழாயடியில் அந்தச் செய்தி இன்னொருமுறை ஒலிபரப்பாகும். 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா சுடப்பட்டு இறந்ததை பிபிசி சொல்லிவிட்டது. நம் அரசு வானொலி மாலைவரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு ‘லண்டன்ல சொன்னானா?’ என்பதுதான் குழாயடியில் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஆச்சியுடையது. வானொலி வரலாற்றில் குழாயடிக்கு யாரும் ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லை. நேயர் என்றால் கடிதம் எழுதியவர் என்றே நாமும் எடுத்துக்கொள்கிறோம்.

கடிதம் எழுதியவர் தாத்தா. நீலநிற ஏர்மெயில் தாளில் எழுதுவதற்கு முன் நோட்டில் ஒரு படி எழுதிப் பார்ப்பார். அவர் போனபின் அந்த நோட்டு என் கைக்கு வந்தது. பெரும்பாலும் ஒலி தெளிவாக இருந்தது, இல்லை என்ற குறிப்புகள். தேசங்கள் குறித்த அபிப்பிராயங்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்திலிருந்து அகதிகள் வந்துகொண்டிருந்த காலத்தில் எழுதிய ஒரு பக்கத்தின் அடியில் இப்படி ஒரு வரி: ‘மண்டபம் முகாமுக்கு வருகிற பெண்கள் பிரசவத்துக்கு எங்கே போகிறார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள்.’

நோட்டு முழுக்கத் தேடினேன். மனிதர்களைப் பற்றிய கேள்வி அது ஒன்றுதான். அதைக் கேட்டவளுக்கு அதில் பெயர் ‘வீட்டில்’. கீழே கையெழுத்து தாத்தாவுடையது. தாத்தா கெட்டவரல்ல; கேள்வியை விடாமல் எழுதினாரே, அதுவே பெரிது என்று சில நாள் தோன்றும். சில நாள் அந்தக் கையெழுத்தைப் பார்க்கவே பிடிக்காது.

சிற்றலையில் தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. ஆனந்தி 2025இல் மறைந்தார். ரேடியோ பரணில் கிடக்கிறது.

அம்மா இன்றைக்கும் ராத்திரிப் பாத்திரங்களை ஊறப்போட்டுவிட்டு, ஒன்பதே முக்காலுக்குத்தான் விளக்க உட்காருகிறாள். ஏன் என்று கேட்டேன்.

‘அத்தை அப்படித்தான் செய்வாக’ என்றாள்.