பூந்திக்கொட்டைத் தண்ணியும் பவுனும்

எங்க பக்கம் வரப்போரத்துல நிக்கிற பூந்தி மரத்தை யாரும் லேசுல வெட்ட மாட்டாங்க. தலைக்குத் தேய்க்க, பட்டுப்புடவை அலச, நகை கழுவ, எல்லாத்துக்கும் அந்தக் கொட்டைதான். நகைக்கடையில விக்கிற பாட்டில் திரவமெல்லாம் நேத்து வந்தது.

கிராமத்துல நகையைச் சுத்தம் பண்றதை வெறும் மினுமினுப்பு விஷயமா யாரும் பார்க்கிறதில்லை. அது எடை விஷயம். குண்டுமணி அளவு குறைஞ்சாலும் கேள்வி வரும். இந்தக் கணக்கு புத்தி நமக்கு ரொம்பப் பழசு. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்க. ராஜராஜன் கொடுத்த நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றின்னு எடை போட்டு வெட்டி வச்சிருக்காங்க. 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’னு ஒரு கல், நகையை நிறுக்க ‘தக்ஷிணமேரு விடங்கன்’னு இன்னொரு கல். கல் பதிச்ச நகையில உள்ள இருக்கிற அரக்கையும் சேர்த்து நிறுத்தாங்கன்னுகூட எழுதியிருக்கு. ஆயிரம் வருஷம் கழிச்சு, இன்னைக்குக் கூட்டுறவு வங்கி மதிப்பீட்டாளர் கல்லையும் அரக்கையும் கழிச்சுட்டுத்தான் கடன் தொகை சொல்றார்.

‘பவுன்’ங்கிற சொல் வெள்ளைக்காரன் நாணயத்துல இருந்து வந்தது. அந்த சவரன் காசு 8 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி, 22 காரட். முதல் உலகப்போர் சமயத்துல, 1918-ல, பம்பாயிலயே அதை அச்சடிச்சாங்க. காசு போனாலும் கணக்கு நம்மகிட்டயே தங்கிடுச்சு.

விவசாயி வீட்டு நகைக்குப் பெரிய சோதனை வந்தது 1930-கள்ல. உலகம் முழுக்க மந்தம். நெல் விலையும் கடலை விலையும் விழுந்துச்சு, நிலவரியும் வாங்கின கடனும் அப்படியே நின்னுச்சு. 1931 செப்டம்பர்ல பிரிட்டன் தங்கத்தை அடிப்படையா வச்ச நாணய முறையைக் கைவிட, ரூபாய்க் கணக்குல தங்கம் விலை ஏறுச்சு. அதுவரைக்கும் தங்கத்தை வாங்கியே பழகின நாட்டுல இருந்து, வீட்டுப் பெண்களோட கழுத்துல காதுல கிடந்தது உருகி பம்பாய் துறைமுகம் வழியா கப்பல் ஏறுச்சு. விரும்பி வித்தவங்களும் இருந்திருப்பாங்க. ஆனா வரி கட்ட வழியில்லாம வித்தவங்கதான் எங்க மாதிரி ஊர்கள்ல அதிகம்னு நான் நினைக்கிறேன்.

அடுத்தது 1963. சீனப்போர் முடிஞ்ச கையோட மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல புது நகை செய்யக்கூடாது. அதாவது நூத்துக்கு 58 பங்குதான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். நாடு முழுக்க பொற்கொல்லர்கள் வேலை இழந்தாங்க, சிலர் உயிரையே விட்டாங்க. 14 காரட் விதியைச் சில வருஷத்துல தளர்த்தினாலும், 1968-ல வந்த கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-லதான் போச்சு. பழைய நகையை உருக்காம, கழுவிக் கழுவிக் காப்பாத்தணும்ங்கிற பிடிவாதம் அந்தக் காலத்துல இன்னும் இறுகிடுச்சு.

சரி, கழுவுறது எப்படி? அஞ்சாறு பூந்திக்கொட்டையை உடைச்சு, விதையை எடுத்துட்டு, தோலை ராத்திரியே தண்ணியில போட்டுடுங்க. காலையில கசக்கினா நுரை வரும். வெதுவெதுப்பாக்கி நகையைக் கால்மணி நேரம் ஊறப்போட்டு, மெத்துன்னு இருக்கிற பழைய பிரஷ்ஷால சங்கிலிக் கண்ணிகளை மெல்லத் தேயுங்க. தங்கம் தானா கறுக்காது. அதுல ஒட்டியிருக்கிறது மஞ்சள், எண்ணெய், வேர்வை, சோப்பு. நுரையே போதும். அலசுறதைக் கிண்ணத்துல வச்சுக்கங்க, சிங்க்ல வேண்டாம்.

கல் வச்ச அட்டிகை, பாட்டி காலத்துத் தண்டட்டி, பாம்படம் இதையெல்லாம் ஊறவே போடாதீங்க. உள்ள அரக்கு இருக்கும். சுடுதண்ணி பட்டா இளகிக் கல் விழும். ஈரத்துணியால துடைச்சா போதும். முத்துக்கும் அப்படித்தான். புளி, எலுமிச்சை பக்கமே போகக்கூடாது, புளிப்பு முத்தை அரிச்சிடும். புளி பித்தளைக் குடத்துக்கு.

வெள்ளிக் கொலுசு கறுக்குறது காத்துல இருக்கிற கந்தகத்தால. தோட்டத்துல சாம்பல் நோய்க்குக் கந்தகப் பவுடர் கரைச்சு அடிக்கிற அன்னைக்கு வெள்ளி மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டுத்தான் போகணும், இல்லேன்னா சீக்கிரமே கறுத்துப்போகும். அதுக்கு நல்ல சாணத் திருநீறு இருக்கு. நைசா சலிச்சு, துணியில தொட்டுத் தேய்ச்சா கறுப்பு போயிடும். பற்பசை வேண்டாம், கீறும். தங்கம் ரொம்ப மெத்தையான உலோகம்.

தெருவுல பாலிஷ் போட வர்றவங்க விஷயம்தான் வயித்தைக் கலக்குறது. நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூணு பங்கு சேர்ந்தா ராஜதிராவகம். அதுல தங்கமே கரையும். ஏமாத்துக்காரன் நகையை அதுல முக்கி எடுத்தா பளபளன்னுதான் வரும், பாத்திரத்துல மிச்சமிருக்கிற திரவத்துல உங்க தங்கம் அவனோட போயிடும். கண்ணுக்குத் தெரியாது. விதைப்பு நேரத்துல அடகு வைக்கப் போகும்போது தராசுதான் சொல்லும். அதனால எங்க ஊர்ல பழைய ஆசாரி வீட்டுக்குக் கொடுத்தாலும், கொடுக்கும்போது ஒருதரம் வாங்கும்போது ஒருதரம் கண்ணெதிரே நிறுத்துப் பார்ப்பாங்க. அவரும் கோவிச்சுக்க மாட்டார், அவரே தராசை எடுத்து முன்னாடி வைப்பார்.