மற்றும் பிறர்: ஆங்கிலக் கிராமக் கோவிற்பற்று ஆவணங்களும் எளியோர் வரலாறும்

1

1836ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தசமபாக மாற்றீட்டுச் சட்டம் நிறைவேறியது. விளைச்சலிற் பத்திலொரு பங்கைத் திருச்சபைக்குப் பொருளாகச் செலுத்தும் பழைய முறையை நீக்கி, அதனைப் பணக் கொடுப்பனவாக மாற்றுவதே அச்சட்டத்தின் நோக்கமாகும். இதன்பொருட்டு ஆயிரக்கணக்கான கோவிற்பற்றுகளில் நிலம் அளக்கப்பட்டு, படங்களும் அவற்றோடிணைந்த அட்டவணைகளும் தயாரிக்கப்பட்டன. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் இலக்கம், உரிமையாளர் பெயர், அனுபவிப்போர் பெயர், வயலின் பெயர், செய்கையின் வகை, பரப்பு ஆகியன அவ்வட்டவணைகளிற் குறிக்கப்பட்டன. வயல்களைத் தனித்தனியே பெயர் கூறிச் செல்லும் இவ்வட்டவணைகள், கூலியாட்கள் குடியிருந்த குடிசை வரிசைகளுக்கு வரும்போது குறுகிவிடுகின்றன. ஒருவரது பெயரை எழுதி, 'மற்றும் பிறர்' என்னும் தொடரோடு நின்றுவிடும் பதிவுகள் பல. வயலுக்குப் பெயருண்டு, அதனை உழுதவனுக்குப் பெயரில்லை.

இவ்வாறு 'பிறர்' ஆக்கப்பட்டோரின் வரலாற்றை எழுத முடியுமா என்பதே இக்கட்டுரையின் வினா. முடியும் என்பதும், அதற்கான சான்றுகளுட் பெரும்பாலானவை அம்மக்களைக் கணக்கிடவும் கட்டுப்படுத்தவும் ஊரைவிட்டு அகற்றவும் எழுதப்பட்ட ஏடுகளிலேயே உள்ளன என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படும். குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் ஒன்றையொன்று பிரிந்து நிற்கும்வரை அச்சான்றுகள் முழுமையாகப் பேசா என்பது இதனோடு தொடர்புடைய கருத்தாகும்.

2

இங்கிலாந்தில் வமிசாவளி நெடுங்காலம் மேட்டுக்குடியினரின் உடைமையாகவே இருந்தது. 1530 முதல் 1688 வரை அரச சின்னக்காவலர் மாவட்டந்தோறும் சென்று, கேடயச் சின்னம் தாங்கும் உரித்துடைய குடும்பங்களின் வழிமுறையைப் பதிந்தனர். ஊர் வரலாறும் இப்போக்கையே தழுவியது. 1656இல் வெளியான வில்லியம் டக்டேலின் வாரிக்ஷயர் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஒரு கிராமத்தின் வரலாறென்பது அக்கிராமத்தை ஆண்ட நிலக்கிழாரின் குடிவழியே என்னும் கொள்கை அதன் அடித்தளமாகும். 1899இல் தொடங்கப்பட்ட விக்டோரியா மாவட்ட வரலாற்று வரிசையின் தொடக்ககாலத் தொகுதிகளும் பண்ணை நிலத்தின் கைமாற்றத்தையே முதன்மைப்படுத்தின.

இம்மரபுக்குப் புறம்பாக ஒரு குரல் 18ஆம் நூற்றாண்டின் வாயிலில் எழுந்தது. ஷ்ரொப்ஷயரின் மிடில் என்னும் கோவிற்பற்றில் வாழ்ந்த றிச்சட் கொஃப் என்னும் கமக்காரர், 1700ஆம் ஆண்டளவில், தமது முதிய வயதில் தம் ஊரின் வரலாற்றை எழுதினார். அவர் கைக்கொண்ட முறை வியப்புக்குரியது. தேவாலயத்தின் இருக்கைப் படமொன்றை வரைந்து, ஒவ்வோர் இருக்கையிலும் அமரும் உரித்துடைய குடும்பங்களின் கதையை வரிசையாகக் கூறினார். முன்னிருக்கைகளில் நிலமுடையோர், பின்புறத்திலும் சுவரோரத்திலும் குடிசைவாசிகள். வழிபாட்டிடத்தின் இருக்கை ஒழுங்கே ஊரின் வர்க்க ஒழுங்காகவும் அமைந்திருந்தது.

எனினும் கொஃப் குடிசைவாசிகளை விட்டுவிடவில்லை. குடியினாற் கெட்டவர், கடன்பட்டவர், களவுசெய்தவர் ஆகியோருக்கும் அவரது நூலில் இடமுண்டு. உள்நாட்டுப் போரில் மிடில், மார்ற்றன், நியூற்றன் ஆகிய மூன்று ஊர்களிலிருந்து 20 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 13 பேர் கொல்லப்பட்டனர் என்றும் அவர் எழுதியுள்ளார். போரை மன்னருக்கும் பாராளுமன்றத்துக்குமிடையிலான பிணக்காக மட்டும் கூறும் நூல்கள் தராத செய்தி இது. டேவிட் ஹே 1974இல் வெளியிட்ட மிடில் பற்றிய ஆய்வு, கொஃபின் கூற்றுகளை ஏனைய ஆவணங்களோடு ஒப்புநோக்கி, அவ்வூரின் சமூக அமைப்பை விளக்கியது.

3

கொஃப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் தோன்றவில்லை. ஆகவே ஆய்வாளர் முதலில் நாடவேண்டியது கோவிற்பற்றுப் பதிவேட்டையே. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சரான தொமஸ் குறொம்வெல், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் கோவிற்பற்றுத்தோறும் பதியுமாறு கட்டளையிட்டார். பதிவேட்டை இரு பூட்டுகளையுடைய பெட்டியில் வைக்கவேண்டும் என்பதும், ஒரு திறவுகோல் குருவானவரிடமும் மற்றையது கோவிற் பொறுப்பாளரிடமும் இருக்கவேண்டும் என்பதும் ஏற்பாடு. புதிய வரியொன்றுக்கான முன்னேற்பாடே இது என மக்கள் அஞ்சினர். அவ்வச்சம் காலங்கடந்து மெய்யானது. பிரான்ஸுடனான போர்ச்செலவுக்காகப் பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின்மீது 1695 முதல் 1706 வரை வரி விதிக்கப்பட்டது. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரைத் தீர்வை அறவிடப்பட்டு, 1794இல் நீக்கப்பட்டது. உதவிபெறும் ஏழைகள் இத்தீர்வையிலிருந்து விலக்களிக்கப்பட்டனர். எனவே இக்காலப் பதிவுகளில் ஏழை என்னும் குறியைக் காண்பவர், அது வறுமையின் அளவைக் காட்டுகிறதா, தீர்வையைத் தவிர்க்கும் உபாயத்தைக் காட்டுகிறதா என்று வினவுதல் வேண்டும்.

பதிவேட்டைப் பயன்படுத்துவோர் மனங்கொள்ளவேண்டிய வேறு சிலவும் உள. தொடக்ககால ஏடுகள் பல தாளில் எழுதப்பட்டு அழிந்தன. 1598இல் அவற்றைத் தோலேட்டிற் படியெடுக்கவும், ஆண்டுதோறும் ஒரு படியை அத்தியட்சருக்கு அனுப்பவும் பணிக்கப்பட்டது. முதலாம் எலிசபெத் அரசேறிய 1558இலிருந்து படியெடுத்தாற் போதுமெனக் கொள்ளப்பட்டமையால் பல ஏடுகள் அவ்வாண்டிலேயே தொடங்குகின்றன. 1642க்குப் பிற்பட்ட உள்நாட்டுப் போர்க்காலத்திற் பதிவுகள் பல இடங்களில் அறுபட்டன. 1752வரை சட்டபூர்வமான ஆண்டு மார்ச் 25இலேயே தொடங்கியமையால், அதற்கு முன்வரும் நாட்களின் ஆண்டைத் திருத்தியே கணித்தல் வேண்டும். இவற்றைக் கருதாதவன் திருமணத்துக்கு முன்னரே பிறந்த பிள்ளையென ஒருவரைத் தவறாகக் கொள்ளக்கூடும். ஞானஸ்நானம் பிறப்பன்று, அதனைப் பெறுமுன் இறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானப் பதிவில்லை. கத்தோலிக்கர், குவேக்கர், பப்ரிஸ்ற் சபையினர் ஆகியோரும் இப்பதிவேடுகளில் முழுமையாக இடம்பெறவில்லை.

இக்குறைகளிருந்தும் பதிவேடுகள் எத்துணைப் பயனுடையவை என்பதை 1964இல் தொடங்கப்பட்ட கேம்பிறிட்ஜ் மக்கட்டொகை வரலாற்று ஆய்வுக்குழு நிறுவியது. டெவன் மாவட்டத்துக் கொலிற்றன் கோவிற்பற்றின் பதிவுகளைக் குடும்பங் குடும்பமாக இணைத்து, 1966இல் றிக்லி தம் முடிவுகளை வெளியிட்டார். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு பெண்களின் சராசரி முதல் திருமண வயது 30ஐ நெருங்கியிருந்தது. பழங்காலத்துக் கிராமப் பெண்கள் இளமையிலேயே மணம்புரிந்தனர் என்னும் நம்பிக்கை இதனால் தகர்ந்தது. 1645-46இல் கொள்ளைநோய் அவ்வூரின் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரைக் கொன்றதென்பதும் அடக்கப் பதிவுகளாற் புலனாயிற்று. 1981இல் றிக்லியும் ஸ்கோபீல்டும் வெளியிட்ட இங்கிலாந்து மக்கட்டொகை வரலாறு 404 கோவிற்பற்றுகளின் பதிவுகளை ஆதாரமாகக் கொண்டது. அப்பதிவுகளை எண்ணித் தொகுத்தவர்கள் ஊதியம் பெறாத உள்ளூர் ஆர்வலர்களே என்பது ஈண்டு சிறப்பாக நோக்கத்தக்கது. பல்கலைக்கழக ஆய்வும் ஊர்மக்களின் உழைப்பும் இணைந்ததன் விளைவே அந்நூல்.

ஆயின் இம்முறைக்கும் எல்லையுண்டு. பிறந்த ஊரிலேயே மணந்து அங்கேயே மடிந்தோரை மட்டுமே பதிவேட்டின் வழி முழுமையாகத் தொடரமுடியும். வேலைதேடி ஊர்விட்டு ஊர்சென்ற கூலியாள் ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறான். நிலமற்றோரே பெரிதும் இடம்பெயர்ந்தனராதலின், கணக்கிலிருந்து பெரிதும் நழுவியோரும் அவர்களேயாவர்.

4

பதிவேட்டிலிருந்து மறைந்த கூலியாளை மீண்டும் காணுமிடம் ஏழைச்சட்ட ஆவணங்களாகும். 1601ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கோவிற்பற்றும் தன் ஏழைகளைத் தானே பராமரிக்கவேண்டுமென விதித்து, அதற்கான வரியை அறவிட மேற்பார்வையாளரை நியமித்தது. தன் ஏழை யார், அயலூர் ஏழை யார் என்னும் பிணக்கு இதனின்றும் எழுந்தது. 1662ஆம் ஆண்டு வதிவுரித்துச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 10 பவுணிலும் குறைந்த வாடகை இடத்திற் குடியேறிய புதியவரை, 40 நாட்களுக்குள் முறைப்பாடு செய்யப்படின், இரு சமாதான நீதவான்கள் அவரது உரித்துடைய ஊருக்குத் திருப்பியனுப்பலாம். ஓராண்டு முழுமையாக வேலைசெய்த மணமாகாத பணியாள் உரித்துப் பெறுவானாதலால், ஓராண்டுக்குச் சில நாட்கள் குறைவாக ஒப்பந்தஞ் செய்யும் வழக்கம் பண்ணையாரிடையே பரவியது. திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளை பிறந்த ஊருக்கே உரியதாகையால், கருவுற்ற ஏழைப்பெண்களைப் பேற்றுக்கு முன்னரே எல்லைகடத்துவதில் அதிகாரிகள் முனைந்தனர். 1697ஆம் ஆண்டுச் சட்டம் உதவிபெறுவோர் தம் உடையில் அடையாள எழுத்தை அணியவேண்டுமென்று பணித்தது. அவ்விதி 1810வரை நீடித்தது.

இக்கொடுமையே வரலாற்றாசிரியனுக்கு எதிர்பாராத சான்றுகளையும் விட்டுச்சென்றது. உரித்தைத் தீர்மானிக்க நீதவான்கள் ஏழைகளை விசாரித்தனர். எங்கே பிறந்தாய், எவரிடம் எத்தனை காலம் வேலைசெய்தாய், என்ன கூலி பெற்றாய், எப்பொழுது மணந்தாய் என்னும் வினாக்களுக்கு அவர்கள் அளித்த விடைகள் எழுதப்பட்டன. எழுத்தறியாத கூலியாளின் வாழ்க்கைக் குறிப்பு, அவன் இட்ட கீறலுடன் இவ்வாறு எஞ்சியது. மேற்பார்வையாளரின் கணக்கேடுகள் ஒரு விதவைக்கு வாரந்தோறும் கொடுத்த சில்லறையையும், அவளுக்கு வாங்கிய சப்பாத்தையும், இறுதியில் அவளது சவப்பெட்டிக்கான செலவையும் வரிவரியாகக் காட்டும். பதிவேடு அவளுக்கு அளித்தது மூன்று நாட்களை. கணக்கேடு அளிப்பது அவளது வாழ்நாளை. எனினும் விசாரணைக்குறிப்பு சுதந்திரமான வாக்குமூலமன்று என்பதை மறத்தலாகாது. கேள்வி அதிகாரியுடையது, தேவையற்றதென அவன் கருதியது எழுதப்படவில்லை.

எசெக்ஸ் மாவட்டத்து ரேலிங் கிராமம்பற்றி றைற்சனும் லெவைனும் 1979இல் வெளியிட்ட நூல் இவ்வகைச் சான்றுகள் அனைத்தையும் ஒருங்கிணைத்தது. 17ஆம் நூற்றாண்டிலே செல்வம்பெற்ற கமக்காரர், கோவிற்பொறுப்பையும் ஏழைப் பராமரிப்பையும் தம் கையிற் கொண்டு, சமயவொழுக்கத்தின் பெயரால் தம் அயலாரான ஏழைகளை எவ்வாறு கட்டுப்படுத்தினர் என்பதை அது காட்டிற்று. அமைதியும் ஒற்றுமையும் நிறைந்த பழைய கிராமம் என்னும் கற்பனைக்கு இத்தகைய ஆய்வுகளில் இடமில்லை.

5

குடும்ப வரலாறு ஊர் வரலாற்றை வேண்டிநிற்பது ஏன் என்பது இனித் தெளிவாகும். ஒருவர் தம் முன்னோரைத் தேடி, 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிற் கமத்தொழிற் கூலியாள் என்ற குறிப்பைக் காண்கிறார். 1841ஆம் ஆண்டு மதிப்பீடு பிறந்த மாவட்டத்தையே குறித்ததா இல்லையா என்பதோடு நின்றது. 1851ஆம் ஆண்டினதோ பிறந்த கோவிற்பற்றையும் கூறுகிறது. அதைக்கொண்டு அவர் முந்திய தலைமுறைக்குச் செல்லலாம். பெயர்களின் சங்கிலி நீளும். ஆனால் அக்குடும்பம் ஏன் நிலமிழந்தது என்பதைச் சங்கிலி கூறாது. அதற்கு ஊரின் பொதுநில அடைப்புச் சட்டத்தையும், பங்கீட்டுப் பத்திரத்தையும், படத்தையும் பார்த்தல் வேண்டும். 1604க்கும் 1914க்குமிடையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. பசுவை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உதவிய பொதுநிலம் வேலிக்குள் சென்றபோது, சட்டபூர்வமான உரிமையைக் காட்டமுடியாத குடிசைவாசி ஈடின்றி விடப்பட்டான்.

அவ்வாறு விடப்பட்டோரின் பெயர்களைச் சில வேளைகளில் நீதிமன்ற ஏட்டிலே காண்கிறோம். 1830இல் கெண்ற் மாவட்டத்திற் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துத் தொடங்கிய கூலியாட்களின் கிளர்ச்சி தென்னிங்கிலாந்தெங்கும் பரவியது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 500 பேர் அவுஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். ஹொப்ஸ்போமும் றூடேயும் 1969இல் எழுதிய நூல் இக்கிளர்ச்சியை நாடு தழுவிய நிலையில் ஆராய்ந்தது. கைதானவனின் குடும்பத்தைப் பதிவேட்டிலும், அவன் மனைவி பெற்ற உதவியைக் கணக்கேட்டிலும் தேடும் ஊர் ஆய்வாளன், அப்பொது வரலாற்றுக்கு முகங்களை அளிக்கிறான்.

இன்று பதிவேடுகள் மாவட்டச் சுவடிக்கூடங்களிற் பேணப்படுவதோடு, அவற்றுட் பல கணினித் திரையிலும் கிடைக்கின்றன. இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் குடும்பப் பெயரொன்றைத் தட்டச்சிட்டு அப்பெயரை மட்டும் பிடுங்கியெடுக்கும் வழக்கம், அதே பக்கத்தில் அதற்கு மேலும் கீழும் எழுதப்பட்ட அயலாரைப் பாராதிருக்கச் செய்கிறது. ஒரே மாதத்தில் அடக்கஞ் செய்யப்பட்ட பத்துக் குழந்தைகளுள் தன் குடும்பத்துக் குழந்தையை மட்டும் காண்பவன், அவ்வூரைத் தாக்கிய நோயையோ பஞ்சத்தையோ காணமாட்டான். மறுபுறத்தில், ஊரின் தேவாலயத்தையும் மாளிகையையும் மட்டும் எழுதும் உள்ளூர் வரலாறு டக்டேலின் காலத்திலேயே நின்றுவிடுகிறது. மனிதனின்றி ஊருமில்லை, ஊரின்றி அம்மனிதனின் வாழ்வுக்கு விளக்கமுமில்லை.

ஆகவே கிராமத்தை ஆராயப் புகுவோர் செய்யத்தக்க முதற்பணி எளிமையானது. தசமபாக அட்டவணையில் 'மற்றும் பிறர்' என நின்றுபோன ஒரு குடிசை வரிசையைத் தெரிந்தெடுத்து, அண்மித்த ஆண்டுகளின் குடிசன மதிப்பீட்டையும், பதிவேட்டையும், ஏழைகளின் கணக்கேட்டையும் அதனருகே விரித்துவைத்து, அங்கு யார் வாழ்ந்தனர் எனக் கேட்டல் வேண்டும். எல்லோரும் கிடைக்கமாட்டார்கள். கிடைப்போரின் பெயரை எழுதுவதோடு, கிடைக்காதோருக்காக இடத்தை வெறுமையாக விட்டுவைப்பதும் வரலாற்று நேர்மையின்பாற் பட்டதே.