உள்ளங்கை எஞ்சினுக்கு உணவு



விளக்கெண்ணெய் ஒரு பங்கு. மரச் சாராயம் மூன்று பங்கு. கேட்ட மாத்திரத்தில் நாட்டு வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டு என்றே இது தோன்றும். ஆனால் 1947-ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எண்ணிறந்த இளைஞர்கள் தம் வீட்டுக் கொட்டகைகளில் புட்டியிலிட்டுக் குலுக்கிய கலவை இது. உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின்களுக்கு இதுவே உணவு. அந்த எஞ்சின்கள் மாதிரி விமானங்களை வானில் ஏற்றின. இக்கலவை எவ்வாறு பிறந்தது, அதற்கு முன்பே ஏன் பிறக்கவில்லை என்பதே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

மாதிரி விமானம் மனிதனைச் சுமந்த விமானத்திற்கு மூத்தது என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-இல். அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1871-இல், பாரிஸ் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர் முறுக்கிய ரப்பர் இழையால் இயங்கும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். பதினொரு விநாடிகள் அது காற்றில் நின்றது. 1896-இல் அமெரிக்கப் பேராசிரியர் லாங்லி நீராவியால் இயங்கும் மாதிரி ஒன்றைப் பொட்டோமாக் நதியின்மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் செலுத்தினார். ஆயினும் நீராவிக் கொதிகலன் சாதாரண மக்களின் கைக்கு எட்டுவதன்று. ஆகவே அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குச் சிறுவர்களின் விமானங்கள் ரப்பரையே நம்பி வாழ்ந்தன.

1930-களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் என்னும் இளைஞர் பத்து கன சென்டிமீட்டர் அளவுள்ள சிறு பெட்ரோல் எஞ்சின் ஒன்றை ஆக்கினார். அவருடைய தோழர் மேக்ஸ்வெல் பாசெட் அந்த எஞ்சினைப் பொருத்திய விமானங்களை 1933-ஆம் ஆண்டின் தேசியப் போட்டிக்குக் கொண்டுவந்து, ரப்பர் விமானங்களையெல்லாம் தோற்கடித்தார். போட்டி நடத்துவோர் பெட்ரோல் விமானங்களுக்குத் தனி வகுப்பே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. பிரவுன் எஞ்சினுக்கு வேண்டிய எரிபொருள் எளியது. சாயமும் ஈயமும் கலவாத வெள்ளைப் பெட்ரோலில் கனத்த எஞ்சின் எண்ணெயைக் கலந்தால் போதும். இத்தகைய சிறு எஞ்சின்களுக்குத் தனியே எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்து செல்லும் எண்ணெய்தான் உராய்வைத் தடுக்க வேண்டும்.

குறை வேறிடத்தில் இருந்தது. பெட்ரோலைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். மின்பொறிக்குச் சுருள் வேண்டும், மின்தேக்கி வேண்டும், பாட்டரி வேண்டும். இவையனைத்தையும் விமானமே சுமக்க வேண்டும். பற்றவைக்கும் சாதனங்கள் எஞ்சினுக்கு ஈடாகக் கனக்கத் தொடங்கினால், சிறிய விமானம் எங்ஙனம் எழும்? எஞ்சினை எவ்வளவு சிறிதாக்கினாலும் பாட்டரியை அதே விகிதத்தில் சிறிதாக்க இயலவில்லை. பதினைந்து ஆண்டுகள் மாதிரி விமானக்காரர்களின் காலைக் கட்டிப்போட்ட சங்கிலி இதுதான்.

ஐரோப்பியர் இதற்கு ஒரு விடை கண்டனர். சுவிட்சர்லாந்திலும் அதன் அண்டை நாடுகளிலும் இரண்டாம் உலகப் போரின் காலத்திலேயே மின்பொறி வேண்டாத சிறு எஞ்சின்கள் வந்துவிட்டன. காற்றை மிகுதியாக அமுக்கினால் அது சூடேறும். அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அவர்கள் பயன்படுத்தியது ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகிய மூன்றின் கலவை. பெரும்பாலும் சம பங்கு. இக்கலவையில் ஒரு நுட்பம் உண்டு. விளக்கெண்ணெய் மண்ணெண்ணெயோடு நன்கு கலவாது. இரண்டையும் ஒரு புட்டியில் ஊற்றினால் பிரிந்து நிற்கும். ஈதரோ இரண்டோடும் உறவாடும். பகைவர் இருவருக்கு நடுவே பொதுவான நண்பன் போல் இருந்து சேர்த்து வைக்கும். எளிதிற் பற்றுவதும் அதுவே. பின்னாளில் எரிதல் சீராக நிகழ அமைல் நைட்ரேட் என்னும் பொருளையும் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு சேர்த்தார்கள். பிரிட்டனில் இவ்வகை எஞ்சின் நெடுநாள் செல்வாக்கோடு விளங்கிற்று.

அமெரிக்காவில் வேறு வழி பிறந்தது. 1947-ஆம் ஆண்டின் இறுதியில் ரே ஆர்டன் என்பவர் குளோ பிளக் என்னும் சிறு பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மின்பொறிச் செருகி இருந்த துளையிலேயே அதைத் திருகிவிடலாம். உள்ளே மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். தொடங்கும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் மின்கலத்தை இணைத்துக் கம்பியைச் சிவக்கச் செய்வார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தைக் கழற்றித் தரையிலேயே வைத்துவிடலாம். கம்பி அணையாது, விமானம் மேலே பறக்கும்போதும் கனன்றுகொண்டே இருக்கும். இரண்டொரு ஆண்டுகளுக்குள் மின்பொறி எஞ்சின்கள் அந்நாட்டில் ஏறக்குறைய மறைந்தொழிந்தன.

மின்சாரம் இல்லாமல் கம்பி ஏன் கனல்கிறது? இங்கேதான் சரித்திரம் சுவைக்கத் தொடங்குகிறது. சுரங்கத் தொழிலாளருக்குக் காப்பு விளக்கு அமைத்துத் தந்த ஹம்ப்ரி டேவி, 1817-இல் ஒரு புதுமையைக் கண்டார். எரியக்கூடிய வாயுவும் காற்றும் கலந்த இடத்தில் சுடவைத்த பிளாட்டினக் கம்பியை நீட்டினால், சுடர் எதுவும் இல்லாமலே அக்கம்பி தொடர்ந்து கனன்றது. சாராய விளக்கின் திரிமேல் பிளாட்டினச் சுருளை வைத்துச் சுடரை ஊதி அணைத்தாலும் சுருள் சிவந்தே நிற்கும். ‘சுடரில்லா விளக்கு’ என்று அதைக் காட்சிப் பொருளாக வைத்தார்கள். 1823-இல் ஜெர்மனியில் டோபரைனர் பிளாட்டினத்தைக்கொண்டு ஹைட்ரஜனைப் பற்றவைத்து விளக்கு ஒன்று செய்தார். தான் மாறாமல் பிறவற்றை மாறச் செய்யும் இப்பண்புக்கு 1835-இல் பெர்சீலியஸ் ஒரு பெயரிட்டார். அதனையே நாம் வினையூக்கம் என்கிறோம்.

ஆக, ஆர்டனின் கம்பியில் இருந்த இரகசியம் நூற்று முப்பது ஆண்டுகளாக வேதியியல் நூல்களில் உறங்கிக்கொண்டிருந்தது! பிறகு ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று? அறிவு மட்டும் இருந்தால் போதாது, ஏற்ற சரக்கும் கைக்கு எட்ட வேண்டும் என்பது என் கருத்து. பிளாட்டினத்தின் இவ்வூக்கம் பெட்ரோல் ஆவியில் எஞ்சினை நடத்தப் போதுவதன்று. மெதனால் ஆவியிலேயே நன்கு வேலை செய்யும். மெதனாலை 1661-லேயே ராபர்ட் பாயில் கண்டிருந்தார்; 1834-இல் டூமாவும் பெலிகோவும் அதன் ஆக்கக்கூற்றை அறுதியிட்டனர். எனினும் அந்நாளில் அது மரத்தை மூடிய கலனில் இட்டுக் காய்ச்சி வாலை வடித்துப் பெறவேண்டிய பொருள். மரச் சாராயம் என்ற பெயரும் அதனால் வந்ததே. 1923-இல் ஜெர்மனியின் லாய்னா நகரத்து ஆலையில் கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரஜனையும் மிகுந்த அழுத்தத்தில் இணைத்து அதனைப் பேரளவில் செய்யத் தொடங்கினர். மலிவும் தூய்மையும் அதன் பின்னரே வாய்த்தன. 1930-களில் பந்தயக் கார்கள் மெதனால் கலந்த எரிபொருளில் ஓடின. அங்கிருந்து உள்ளங்கை எஞ்சினுக்கு வர அதிகத் தூரம் இல்லை.

இனி விளக்கெண்ணெய்க்கு வருவோம். நம் வயல் வரப்புகளில் நிற்கும் ஆமணக்கு, உலக விமான வரலாற்றில் பெற்ற இடத்தை நம் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை. முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களில் எஞ்சினே சக்கரம் போல் சுழலும். அவற்றுக்கு விளக்கெண்ணெய்தான் வேண்டும். ஏனெனில் அது பெட்ரோலில் எளிதிற் கரையாது, கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. சுழலும் எஞ்சின் அந்த எண்ணெயை விமானியின் முகத்திலேயே வாரி இறைக்கும். அதை விழுங்கிய விமானிகளின் வயிறு என்ன பாடுபட்டது என்பதை, குழந்தைப் பருவத்தில் பாட்டியிடம் அகப்பட்டு விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1909-இல் பிரிட்டனில் புதிய எண்ணெய் ஒன்றுக்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தார்களே, அதுவும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே.

பெட்ரோலோடு பிணங்கும் இவ்வெண்ணெய் மெதனாலில் இனிதே கரைகிறது. ஆகவே மெதனாலும் விளக்கெண்ணெயும் இணைந்தது தற்செயல் அன்று. பின்னாளில் சர்வதேச வேகப் போட்டிகளில் எல்லோரும் ஒரே எரிபொருளால் ஓட்டவேண்டும் என்று விதித்தபோதும், மெதனால் 80 பங்கு, எண்ணெய் 20 பங்கு என்றே வகுத்தனர். வீட்டில் கலந்தவர்கள் சற்று எச்சரிக்கையோடு எண்ணெயைக் கூட்டி 25 பங்கு ஊற்றினர். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் இறுகிவிடும். கூடினால் புகைபோக்கியில் வழியும், அவ்வளவே. புட்டியை இறுக மூடுவதில் அவர்கள் கண்ணாக இருந்தார்கள். மெதனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். நீர் கலந்த எரிபொருளில் எஞ்சின் திக்கித் திணறும்.

மூன்றாவது பொருள் ஒன்றும் வந்து சேர்ந்தது. அது நைட்ரோமீத்தேன். கோல்பே என்னும் ஜெர்மானியர் 1872-இல் இதனைத் தயாரித்தார். தொழிற்சாலைகளில் மலிவாகச் செய்யும் முறை 1940-ஐ ஒட்டி அமெரிக்காவில் வந்தது. ஒரு கிலோ பெட்ரோல் எரிவதற்கு 14.7 கிலோ காற்று வேண்டும், மெதனாலுக்கு 6.4 கிலோ, நைட்ரோமீத்தேனுக்கோ 1.7 கிலோ போதும். தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் ஒரு பகுதியைத் தானே சுமந்துவருவதால் இந்தச் சிக்கனம். எஞ்சின் ஒரு மூச்சில் இழுக்கும் காற்றின் அளவு மாறாது. அதே காற்றில் மிகுதியான எரிபொருளை எரிக்க முடிந்தால் வலிமை பெருகும் என்பது கணக்கு. எனவே வேகம் விரும்பியவர்கள் பத்து, பதினைந்து, முப்பது பங்கு என்று கூட்டிக்கொண்டே போயினர். விலையும் கூடவே ஏறிற்று.

இதுகாறும் கூறியதைக் கேட்டு யாரேனும் புட்டியைத் தேடி எழுந்திருந்தால், அவர் தயவுசெய்து அமரவேண்டும். மெதனால் கொடிய நஞ்சு. உடலுக்குள் சென்றால் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும். சிறிதளவே குருடாக்கும், உயிரையும் கொள்ளும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே புகும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய 1920 முதல் 1933 வரையிலான காலத்தில், தொழிற்சாலைச் சாராயத்தை எவரும் குடியாதிருக்க அரசு அதில் மெதனாலைக் கலக்கச் செய்தது. அதையும் குடித்துப் பலர் மாண்டனர். அவ்வளவு தூரம் போவானேன்? 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த கள்ளச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. எஞ்சினுக்கு உணவானது மனிதனுக்கு எமன். நைட்ரோமீத்தேனும் சாதுவன்று. 1958-இல் அமெரிக்காவில் அதனை ஏற்றிய ரயில் தொட்டி வண்டி வெடித்தபோதுதான் அது எத்தகைய வெடிபொருள் என்பது உலகுக்குத் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ஆம் ஆண்டின் விதியால் பொதுமக்களுக்கு நூற்றுக்கு 30 பங்கு என்று எல்லை வகுத்தது. 2019-இல் இயற்றிய விதியால் அதனை 16 பங்காகக் குறைத்தது. மாதிரி விமானக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் விதி தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விதிகளைக் காட்டிலும் மின்மோட்டாரே இக்கலவையின் செல்வாக்கை மிகுதியாகக் குறைத்தது. 2000-க்குப் பின் லித்தியம் மின்கலங்கள் இலேசாகவும் மலிவாகவும் வந்தன. பாட்டரியின் கனத்துக்கு அஞ்சி மரச் சாராயத்தை நாடிய விமானங்கள் பலவும் பாட்டரிக்கே திரும்பிவிட்டன!

என்றாலும் எரிபொருளைக் கலக்கும் கலை அதற்குள் ஓர் அருஞ்செயலைச் செய்து முடித்திருந்தது. மேனார்ட் ஹில் என்னும் அமெரிக்கர், தம் 77-ஆம் வயதில், பார்வை பெரிதும் மங்கிய நிலையில், எரிபொருளோடு சேர்த்து ஐந்து கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானம் ஒன்றைத் தோழர்களுடன் அமைத்தார். அதிலிருந்த எஞ்சின் கடையில் கிடைக்கும் பத்து கன சென்டிமீட்டர் எஞ்சினே. அதன் குளோ பிளக்கை நீக்கி மின்பொறியைப் பொருத்தினார். மெதனால் விரைவிற் செலவாகிவிடும். ஆகவே முகாம் விளக்குகளுக்கு ஊற்றும் வெள்ளைப் பெட்ரோலில் சிறிது எண்ணெய் கலந்து தொட்டியை நிரப்பினார். 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து புறப்பட்ட அவ்விமானம், ஆளில்லாமல் அட்லாண்டிக் கடலைக் கடந்து, ஏறத்தாழ 39 மணி நேரத்திற்குப் பின் அயர்லாந்துக் கடற்கரைப் புல்வெளியில் இறங்கிற்று. மூவாயிரம் கிலோமீட்டர். தொட்டியில் சிறிதளவு எரிபொருள் மீதி இருந்தது.