தூக்கி நிறுத்திய தீவு

1900-ஆம் ஆண்டில் கால்வெஸ்டன் என்ற தீவு நகரின் மிக உயரமான இடம் கடல்மட்டத்துக்கு மேல் 8.7 அடி. அந்த ஆண்டு செப்டம்பர் 8 அன்று ஊருக்குள் ஏறிய கடல் 15 அடிக்கும் மேல். சில காலமாக என் நினைப்பு இந்த இரண்டு எண்களையே சுற்றி வருகிறது. என் மனைவிக்கு அந்தத் தீவின் பெரிய மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது. டல்லாஸ் வீட்டைக் காலிசெய்துவிட்டு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளோடு புயல் பாதையில் இருக்கும் ஒரு மணல்திட்டில் குடியேறுவதா என்று நாங்கள் முடிவெடுத்தாக வேண்டும். நான் கட்டுமானப் பொறியாளன். அஸ்திவாரம் போடுமுன் மண்ணைத் தோண்டிப் பார்ப்பது என் தொழில். ஆகவே ஊரின் வரலாற்றையும் தோண்டிப் பார்த்தேன்.

தீவு டெக்சஸ் கரையை ஒட்டி, மெக்சிகோ வளைகுடாவின் ஓரத்தில் கிடக்கிறது. நீளம் 27 மைல். அகலமான இடத்தில்கூட 3 மைலைத் தாண்டாது. ஒரு பக்கம் திறந்த கடல். மறுபக்கம் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே உப்பங்கழி போன்ற கால்வெஸ்டன் விரிகுடா. கப்பல்களுக்கு ஒதுங்க இடம் தந்தது அந்த மறுபக்கம்தான். 1817-இல் ஜான் லஃபீத் என்ற கடற்கொள்ளையன் அங்கே தளம் அமைத்தான். 1839-இல் அது முறையான நகரமானது. டெக்சஸ் உள்நாட்டில் விளைந்த பருத்தி அந்தத் துறைமுகம் வழியாகத்தான் வெளியேறியது. விரிகுடாப் பக்கம் இருந்த ஸ்ட்ராண்ட் என்ற வணிகத் தெருவில் வங்கிகளும் பருத்தித் தரகர்களும் நிறைந்திருந்தார்கள். 1900 மக்கள்தொகைக் கணக்கில் ஊரில் 37,789 பேர்.

அவர்களுக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. அதே கரையில் தென்மேற்கே இண்டியனோலா என்ற போட்டித் துறைமுகம் இருந்தது. 1875-இல் ஒரு சூறாவளி அதை அடித்து நொறுக்கியது. மக்கள் திரும்பி வந்து கட்டினார்கள். 1886-இல் மீண்டும் ஒரு சூறாவளி. இந்த முறை தீயும் சேர்ந்துகொண்டது. ஊரைக் கைவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்த கால்வெஸ்டன் பெரியவர்கள் கடற்சுவர் வேண்டும் என்று கூடிப் பேசினார்கள். பேச்சோடு நின்றது. 1891-இல் உள்ளூர் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். பெரும் சூறாவளி இந்த ஊரைத் தாக்கி அழிக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பது அவர் வாதம். கற்றறிந்தவர், உழைப்பாளி, ஊரால் மதிக்கப்பட்டவர். அப்படிப்பட்டவரே சொன்னபிறகு சுவருக்கு யார் காசு கொடுப்பார்கள்?

1900 புயல் கியூபாவைக் கடந்தபோது ஹவானாவின் பெலென் ஆய்வகத்து வானிலையாளர்கள் அது மேற்கே வளைகுடாவுக்குள் போகும் என்று கணித்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் புயல் பார்த்தவர்கள் அவர்கள். வாஷிங்டன் அதிகாரிகள் அவர்களை நம்பவில்லை. கியூபாவிலிருந்து புயல் கணிப்புத் தந்திகள் வருவதற்கே தடை போட்டிருந்தார்கள். புயல் வடக்கே திரும்பிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அது திரும்பவில்லை.

சனிக்கிழமை காலையில் கடற்கரைத் தெருக்களில் தண்ணீர் ஏறியபோது பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். பிற்பகலுக்குள் நிலத்தோடு இணைக்கும் பாலங்கள் எல்லாம் போயின. இரவில் கடலோர வீடுகள் வரிசை வரிசையாகப் பெயர்ந்து, பின்னாலிருந்த வீடுகளை இடித்துத் தள்ளின. கிளைனின் வீட்டில் அடைக்கலம் புகுந்தவர்கள் ஏறத்தாழ 50 பேர். அந்த வீடும் விழுந்தது. கருவுற்றிருந்த அவர் மனைவி கோரா அந்த இரவில் இறந்தார். செயின்ட் மேரி அநாதை இல்லத்தில் கன்னியர்கள் துணி காயப்போடும் கயிற்றால் குழந்தைகளைத் தங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். 10 கன்னியரும் 90 குழந்தைகளும் இறந்தனர். மூன்று சிறுவர்கள் மட்டும் தப்பினர். ஊரில் இறந்தவர்கள் 6,000 முதல் 8,000 வரை என்பது பொதுவான கணக்கு. அமெரிக்க வரலாற்றில் இயற்கைப் பேரிடர் ஒன்றில் இத்தனை பேர் இறந்ததில்லை. துப்பாக்கி முனையில் கறுப்பின ஆண்களைக் கொண்டு பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் விடச் செய்தார்கள். அலை பிணங்களைத் திரும்பக் கொண்டுவந்து போட்டது. பிறகு அவை கிடந்த இடத்திலேயே எரிக்கப்பட்டன.

இண்டியனோலாவைப் போல இவர்களும் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் அவர்கள் செய்த வேலையைப் படிக்கும்போது என் தொழிலின் மீதே எனக்கு மரியாதை கூடுகிறது.

1901-இல் மூன்று பொறியாளர்களை அமர்த்தினார்கள். தலைவர் ஹென்றி ராபர்ட், ஓய்வுபெற்ற ராணுவப் பொறியாளர். கூட்டங்கள் நடத்தப் பரவலாகப் பின்பற்றப்படும் ராபர்ட் விதிமுறை நூலை எழுதியவர் அவர்தான். மற்ற இருவர் ஆல்ஃபிரட் நோபிள், எச். சி. ரிப்ளி. இரண்டு மாதத்தில் அறிக்கை தந்தார்கள். கடலுக்கு எதிரே 17 அடி உயரக் கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும். அதன் பின்னால் உள்ள ஊரையே மேலே தூக்க வேண்டும். எல்லாவற்றையும் இழந்திருந்த மக்கள் கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் அளித்தார்கள். பத்திரங்களை வாங்கியதிலும் உள்ளூர்க்காரர்கள் நிறைய. 1902 அக்டோபரில் சுவர் வேலை தொடங்கி 1904 ஜூலையில் முதல் 3 மைல் சொச்சம் முடிந்தது. மரத் தூண்களைக் கீழே அடித்து, அதன்மேல் அடியில் 16 அடியும் உச்சியில் 5 அடியும் அகலமாகக் கான்கிரீட் போட்டார்கள். கடலைப் பார்த்த முகத்தை உள்வளைவாக அமைத்ததால் மோதும் அலை மேல்நோக்கித் திரும்பிக் கடலிலேயே விழும். அலை அடியை அரிக்காதபடி முன்னால் கருங்கல் பாறைகளைக் கொட்டினார்கள்.

சுவரைவிட என்னை நிறுத்தி வைத்தது தூக்கும் வேலை. சென்னையில் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டால் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே, அதை ஒரு நகரம் முழுவதற்கும் செய்தார்கள். ஏறத்தாழ 500 தெருக்கட்டங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள். 3,000 டன் எடையுள்ள செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தை 700 திருகு ஜாக்கிகளால் 5 அடி தூக்கினார்கள். எல்லா ஜாக்கிகளையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருப்பினால்தான் சுவரில் விரிசல் விழாது. அந்த ஒழுங்கு எவ்வளவு கடினம் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நிரப்ப மண் எங்கிருந்து வரும்? தீவின் நடுவே 200 அடி அகலத்தில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். பாதையில் இருந்த வீடுகளைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். துறைமுக வாயிலில் மணலை அள்ளிய தூர்வாரும் கப்பல்கள் அந்தக் கால்வாய் வழியே ஊருக்குள் வந்து, மணலும் உப்புநீரும் கலந்த சேற்றைக் குழாய் வழியாகப் பீய்ச்சின. தண்ணீர் வடிய, மணல் தங்கியது. வேலை முடிந்த பின் கால்வாயையும் நிரப்பிவிட்டு வீடுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், டிராம் தண்டவாளம் எல்லாம் உயர்ந்தன. பல ஆண்டுகள் மக்கள் மரச் சாரங்களில் கட்டிய பலகைப் பாதைகளில் நடந்துதான் பள்ளிக்கும் கடைக்கும் போனார்கள். கீழே சேறு நாறியது. உப்பில் மரங்களும் தோட்டங்களும் செத்தன. கல்லறைகள் மீதும் மணல் விழுந்தது. உறவினர் கல்லை மேலே தூக்கி வைக்காத இடத்தில் பெயரும் புதைந்தது. மணலுக்குப் பொதுப்பணம், வீட்டைத் தூக்கும் செலவோ அவரவர் கைக்காசு. வேலை ஓய்ந்தபோது ஆண்டு 1911. பெண்கள் நல அமைப்பு ஒன்று புதிய மண்ணில் ஓக் மரங்களையும் அரளியையும் நட்டது.

1915-இல் அதே வலிமையில் இன்னொரு சூறாவளி வந்தது. சுவருக்கு வெளியே இருந்த பகுதிகளில் பெரும் உயிரிழப்பு. சுவருக்குப் பின்னால் தூக்கி நிறுத்திய ஊரில் இறந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் வணிகம் திரும்பவில்லை. 1914-இல் ஹூஸ்டன் கப்பல் கால்வாய் திறந்தாயிற்று. 50 மைல் உள்ளே இருந்த ஊர் பெருநகரமானது.

இவ்வளவையும் வேதாரண்யத்தில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். 1977 புயலையும் 2018 கஜாவையும் பார்த்தவர். சுவரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “தம்பி, முன்னால வர்ற கடலு கண்ணுக்குத் தெரியும். பின்னால உப்பாத்துலேர்ந்து ஏர்ற தண்ணிதான் தெரியாது. அந்த ஊருக்குப் பின்னால என்னா இருக்கு?” என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை 2008-இல் இருக்கிறது. ராபர்ட் குழு ஊரைக் கடல் பக்கம் உயரமாகவும் விரிகுடாப் பக்கம் சரிவாகவும் அமைத்தது. அலை தெறித்து விழும் நீர் பின்னால் வடிய வேண்டும் என்பதற்காக. 1900-இல் அடித்தது கடல். ஆகவே காவலும் கடலைப் பார்த்தே நின்றது. 2008 செப்டம்பர் 13 அதிகாலை ஐக் சூறாவளி கரையேறியது. காற்றின் அளவுகோலில் அது இரண்டாம் நிலைதான். ஆனால் அது தள்ளிய நீர் விரிகுடாவை நிரப்பி, சுவரில்லாத பின்வாசல் வழியே ஊருக்குள் புகுந்தது. ஸ்ட்ராண்ட் கடைகளில் ஆள் உயரத் தண்ணீர். தீவின் வீடுகளில் பெரும்பகுதி நனைந்தது. ஒரு நூற்றாண்டாக நின்ற ஓக் மரங்கள் ஆயிரக்கணக்கில் உப்பில் பட்டன. மருத்துவமனை நோயாளிகளை முன்பே வெளியேற்றியிருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள். கட்டடத்தின் கீழ்த்தளங்கள் மூழ்க, பல மாதம் மருத்துவப் பணி முடங்கி, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஏழைகள் வாழ்ந்த 569 அரசுக் குடியிருப்புகளை இடித்தார்கள். அவற்றை மீண்டும் கட்டுவதா என்று ஊர் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டது. 2000-இல் 57,247 ஆக இருந்த மக்கள்தொகை 2010-இல் 47,743. வெறும் எண்ணாக இதைப் பார்க்க முடியவில்லை. திரும்பி வர வசதி இல்லாதவர்கள் யார் யார் என்பது அதற்குள் இருக்கிறது.

கடலும் அப்படியே இல்லை. 1900-களின் தொடக்கத்திலிருந்து துறைமுகத்தில் நீர்மட்டம் அளக்கிறார்கள். நிலம் அமிழ்வதும் கடல் உயர்வதும் சேர்ந்து ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 2 அடி. 17 அடிச் சுவர் என்பது இன்று 17 அடிச் சுவர் அல்ல. விரிகுடா வாயிலில் பெரும் கதவுகளும், ஊரைச் சுற்றிப் பின்பக்கத்துக்கும் மதிலும் கட்டும் திட்டம் ஐக் புயலுக்குப் பிறகு எழுந்தது. 2022-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு அனுமதி தந்தது. கட்டி முடிய நெடுங்காலம் ஆகும். 1886-இல் பேசி 1904-இல் கட்டிய ஊர் அது. நடுவில் இறந்தவர்களை நான் மறக்க விரும்பவில்லை.

என் மனைவியும் நானும் பலமுறை உட்கார்ந்து பேசினோம். அவருடைய வேலையில் இன்னொரு சிக்கல் உண்டு. புயல் வரும்போது மருத்துவமனையில் ஒரு குழு தங்கியாக வேண்டும். அவர் அதில் இருக்கலாம். “என்னங்க, நான் இருக்கப்போறது காங்கிரீட்டுக் கட்டடம், மேல்மாடி. நீங்க பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு மொத நாளே கெளம்பிடணும். எனக்காகக் காத்திருக்கக் கூடாது” என்றார். ஒரு குடும்பம் தன்னைத் தானே இரண்டாகப் பிரித்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஏற்பாடு இது. எளிதாகச் சொன்னார்; எனக்கு ஏற்றுக்கொள்ள நாளாயிற்று. ஆனால் அவர் சொன்னதே சரி. 2005-இல் ரீட்டா சூறாவளிக்கு அஞ்சி ஹூஸ்டன் பகுதியே ஒரே நேரத்தில் கிளம்பியபோது நூறு மைல் நீளத்துக்கு வண்டிகள் நின்றன; வெயிலிலும் நெரிசலிலும் மனிதர்கள் இறந்தார்கள். தாமதமாகக் கிளம்புவதும் ஆபத்துதான்.

நாங்கள் போகிறோம். முதலில் வாடகைக்குத்தான். தீவின் மேற்குப் பகுதியில், சுவர் முடியும் இடத்துக்கு அப்பால் வேண்டாம். கடற்சுவருக்கு அருகே, தூக்கிய மண் மிக உயரமாக இருக்கும் பகுதியில், தூண்மேல் நிற்கும் வீடாகப் பார்க்கிறோம். பிறகு வாங்கினால் வீட்டுக் காப்பீடு, காற்றுக்குத் தனிக் காப்பீடு, வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு என மூன்றும் எடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டபின்தான். ஜூன் முதல் நவம்பர் வரை வண்டியில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்காது. வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தால் அன்றே கிளம்புவோம். அதில் விவாதம் இல்லை.

அந்த ஊரை இன்றுவரை நிறுத்தி வைத்தது கான்கிரீட் மட்டுமல்ல. வரி கட்டியவர்களும், கைக்காசில் வீட்டைத் தூக்கியவர்களும், சேற்று நாற்றத்தில் பிள்ளை வளர்த்தவர்களும் நிறுத்தினார்கள். அங்கே குடிபோகிறவர்கள் கடல் காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு இருந்துவிட முடியாது. பின்வாசலில் மதில் கட்ட வரி கேட்டு வாக்கெடுப்பு வந்தால் நாங்கள் இருவரும் ஆம் என்று வாக்களிப்போம். திரும்பி வர முடியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அங்கே இடம் வேண்டும் என்று சொல்லவும் தயங்க மாட்டோம். இந்த இரண்டையும் செய்ய மனமில்லையென்றால் டல்லாஸிலேயே இருந்துவிடுவது நேர்மை.