கட்டுப் போட்டவரும் சதவீதம் எழுதியவரும்

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ பழைய வீடொன்றைப் புதுப்பிக்கையில், இரண்டாங்கட்டில் சவுக்குக் கம்புச் சாரத்தின்மேல் நின்று சுண்ணாம்புச் சாந்து பூசுகிற கொத்தனார், கயிறு நழுவி விழுந்து முழங்கையை முறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்டர் காட்டிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்ட மறுநாளே, வீட்டார் பேச்சைக் கேட்டு, மூங்கில் சிம்பு வைத்து முட்டைப் பற்றுப் போட்டுக் கட்டுகிற நாட்டு வைத்தியரிடமோ, எலும்புக் கட்டுக்குப் பெயர்போன ஆந்திரத்துப் புத்தூருக்கோ அவர் போய்விடுவது அபூர்வமன்று. தம் வைத்தியரைத் தாமே தேர்ந்துகொண்டதாக அவர் எண்ணுகிறார். சட்டம் அதை எவ்வாறு எண்ணுகிறது என்பது விசாரிக்கத் தக்கது.

1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விபத்து அறிவிப்புக் கிடைத்த மூன்று நாளுக்குள் முதலாளி தம் செலவில் வைத்தியப் பரிசோதனைக்கு அழைத்தால் தொழிலாளி உடன்பட்டே ஆகவேண்டும் என்றும், அந்த அவகாசம் முடியுமுன் பரிசோதனைக்கு உட்படாமல் வேலைத்தலத்தின் சுற்றுவட்டாரத்தை விட்டுத் தாமாக அகன்றால், திரும்பிவந்து பரிசோதனைக்கு இணங்கும்வரை அவருடைய உரிமை நிறுத்திவைக்கப்படும் என்றும் விதித்தது. புத்தூருக்குப் பஸ் ஏறிய கொத்தனார் இதில் அகப்பட்டுக்கொள்ள இடமிருந்தது. ஆயினும் அதே பிரிவின் 6ஆம் உட்பிரிவின்படி, முதலாளி அளித்த வைத்தியரை மறுத்ததே குற்றமாகிவிடவில்லை. மறுத்தபின் தகுதிபெற்ற வைத்தியர் எவரிடமும் ஒழுங்காகச் சிகிச்சை பெறாமல், அந்த மறுப்பு நியாயமற்றதாகவும் இருந்து, அதனால் காயமும் முற்றியது என்று ருசுவானால்தான் ஈட்டுத்தொகைக்குப் பங்கம் நேர்ந்தது. தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இச்சட்டத்தில் எங்கும் பெயர் சொல்லி வழங்கப்படவில்லையாயினும், இந்த உட்பிரிவு தண்டிக்காமல் விட்ட இடைவெளியில் அது இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

'தகுதிபெற்ற' என்பதற்குச் சட்டப்படியான பதிவேட்டில் இடம்பெற்றவர் என்பதே பொருளாதலால், பதிவுபெற்ற சித்த வைத்தியரும் அதில் அடங்குவார் என்று வாதிக்கலாம். பரம்பரையாகக் கட்டுப் போடுகிறவர் அடங்கார். இறுகிய கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கை அழுகிப்போவதும் உண்டாகையால், இந்த வரம்பு எனக்குக் கொடுமையாகத் தோன்றவில்லை.

கொடுமை வேறிடத்தில் உள்ளது. சிகிச்சை செய்யும் வைத்தியர் ஒருவர், ஊனத்தை அளந்து சதவீதம் எழுதும் வைத்தியர் மற்றொருவர்; தொகையை நிர்ணயிப்பது பின்னவர் கையெழுத்தே. கட்டைவிரல் போனால் 30 சதவீதம் என்று அச்சட்டத்தின் முதல் அட்டவணையே கூறிவிட்டது. ஆனால் நிமிராத முழங்கைக்கு அட்டவணையில் இடமிருக்கவில்லை, வைத்தியரின் மதிப்பீடே கதி. அம்மதிப்பீடும் உடம்பை மட்டும் பார்த்து அமைவதற்கில்லை. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் (1975), முழங்கைக்குமேல் இடக்கையை இழந்த தச்சருக்கு ஏற்பட்டது பகுதி ஊனமே என்று முதலாளி வாதிக்க, ஒற்றைக் கையால் தச்சுவேலை நடவாது, ஆதலால் அது முழு ஊனமே என்று உச்சநீதிமன்றம் கொண்டது. கரண்டி பிடிக்கும் கை எவ்வளவு மடங்கவேண்டும் என்பதைக் கேட்டறியாத வைத்தியர், முதலாளி அழைத்தவராயினும் அரசாங்க ஆஸ்பத்திரிக்காரராயினும், பாதிக் கணக்கையே எழுதுவார். முதலாளி பொய்க் காயத்தைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை கேட்பது நியாயம்; அதே நியாயத்தால், தொழிலாளி தம் வைத்தியரின் சான்றையும் நஷ்டஈட்டை விசாரிக்கும் ஆணையர்முன் வைத்து, எதிர்த்தரப்பு வைத்தியரைக் குறுக்கு விசாரணை செய்ய வசதி பெறவேண்டும். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் ஊனத்தை மதிப்பது வைத்தியக் குழு. அதன் முடிவின்மேல் முறையீடு உண்டு. ஆனால் சாரத்தில் நிற்கிற தினக்கூலிக்காரர் பெரும்பாலும் அத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

2009ஆம் ஆண்டுத் திருத்தம் (4ஆம் பிரிவு, 2ஏ) உண்மையாகச் செலவான வைத்தியத் தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்று சேர்த்து, தேர்வுச் சுதந்திரத்துக்கு முதன்முதலாகப் பணபலம் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் ஸ்தானத்தில் வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதைக் கைவிடவில்லை. ஆனால் அது செலவழித்தபின் வருகிற பணம். ஆஸ்பத்திரி வாசலில் அன்றைக்கே முன்பணம் கட்ட வகையற்ற கொத்தனார் கான்ட்ராக்டர் காட்டிய இடத்துக்குப் போகிறார், அல்லது கட்டுப் போடுகிறவரிடம் போகிறார். அங்கே எண்ணெய்ப் புட்டியும் கட்டும் கிடைக்கும். ஆணையரிடம் காட்ட ரசீது கிடைக்காது.